மதகடியில் நிறுத்தச் சொன்னால் எங்கே நிறுத்துவது?

கேள்வி: தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன் நான். குடும்பத்தோடு வவுனியாவுக்குத் திரும்பி வந்து ஆட்டோ ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் சொல்லும் வழி பாதி புரிவதில்லை. "மதகடியில நிப்பாட்டுங்கோ" என்ற ஒரு அம்மாவை மதகு தேடிக் குளத்துக்கே கொண்டுபோய்விட்டேன். நான் என் பேச்சையே மாற்ற வேண்டுமா?

பதில்: தம்பி, இதில் உங்கள் மேலும் பிழையில்லை, அந்த அம்மா மேலும் பிழையில்லை. அங்கே மதகு என்றால் கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் இடம். இங்கே அதற்குத் துருசு என்று பெயர். நம்முடைய மதகு, வாய்க்கால் கடந்து போக றோட்டுக்குக் குறுக்கே கட்டிய சின்னப் பாலம். பின்னேரமானால் பெடியள் வரிசையாகக் குந்தியிருப்பார்களே, அந்தச் சீமெந்துக் கட்டுத்தான்.

வன்னியில் தெருப் பெயர் சொல்லி வழி காட்டுகிறவர்கள் குறைவு. குளத்தையும் சந்தியையும் பிடித்துத்தான் சொல்வார்கள். நான் ஓட்டப் பழக்கிய, உங்களைப் போலத் திரும்பி வந்த பிள்ளைகள் எல்லோரும் தடுமாறியது இந்தக் குளத்துச் சொற்களில்தான், அதனால் அவற்றை முதலில் பிடியுங்கள். "கட்டால போங்கோ" என்றால் குளக்கட்டு, உங்களுக்குக் கண்மாய்க்கரை. கட்டை வேறு, அது மைல்கல். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றே ஓரிடம் இருக்கிறது, ஏ9 வீதியில் கண்டியிலிருந்து 155 மைல், அதாவது 249 கிலோமீற்றர் அளவில். வயதானவர்கள் "ரெண்டு கட்டை தூரம்" என்றால் இரண்டு மைல், மூன்று கிலோமீற்றருக்கு மேலே வரும். அதை இரண்டு கிலோமீற்றர் என்று நினைத்துக் கூலி பேசினால் பெற்றோல் காசு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது வான். ஆள் ஏற்றும் வானும் வான்தான், ஆனால் கார்த்திகை மார்கழி மழையில் "அங்கால வான் பாயுது" என்று யாராவது கைகாட்டினால் குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிறது என்று அர்த்தம், மறுகால் போகிறது என்பீர்களே, அதுவேதான். அந்தத் தண்ணீர் றோட்டைக் கடந்து ஓடும் இடத்தில் றோட்டின் ஓரமும் தெரியாது, கிடங்கும் தெரியாது, ஓட்டோ பாரமில்லாத வாகனம் வேறு. முழங்காலளவுதான், போகலாம் என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள், திருப்பிக்கொண்டு வாருங்கள்.

கிடங்கு என்றேனே, அது சரக்கு அடுக்கும் கிடங்கு இல்லை, றோட்டில் இருக்கும் குழி. "முன்னுக்குக் கிடங்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் பிறேக்கில் காலை வையுங்கள், கட்டடம் தேடாதீர்கள். சந்தியைச் சந்து என்று எடுக்க வேண்டாம், சந்துக்கு இங்கே ஒழுங்கை. பெட்ரோல் பங்குக்கு இங்கே பெற்றோல் செட்.

பேச்சை மாற்றத் தேவையில்லை, பிறந்து வளர்ந்த பேச்சு அது, வைத்திருங்கள். "வண்டி" ஒன்றை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், இங்கே அது தொந்தி. வாகனம் அல்லது ஓட்டோ என்றால் போதும். அப்புறம், புறப்பட்ட பிறகு கேட்காமல் ஆள் ஏறும்போதே "எந்தக் குளத்துப் பக்கம், எந்தச் சந்தியால திரும்புறது?" என்று கேட்டுவிடுங்கள். தெருப் பெயர் கேட்டால் யோசிப்பார்கள், இதைக் கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.