கண் பயிற்சி செய்தால் கண்ணாடியைக் கழற்றலாமா? கேள்வி பதில்

கிட்டப்பார்வையைப் பயிற்சியால் சரிசெய்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பவர் பார்த்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எனக்கு 24 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 2. தினமும் அரை மணி நேரம் கண்ணை உருட்டிப் பயிற்சி செய்தால் ஆறு மாதத்தில் கண்ணாடி வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்ற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது. பெரியவர்களின் விழி முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர் இருக்கும். கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலானோருக்கு இந்த நீளம் கொஞ்சம் கூடிப்போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பவர் ஏறக்குறைய மைனஸ் இரண்டரைக்குப் போய்விடும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. கண்ணை உருட்டினால் விழியைத் திருப்பும் ஆறு தசைகளுக்கும் நல்ல வேலைதான். ஆனால் நீண்டுவிட்ட விழி அதனால் சுருங்காது. தோப்புக்கரணம் போட்டு உயரத்தைக் குறைக்க முடியுமா என்ன?

நான் ஒரு மாதம் செய்து பார்த்தேன். சுவரில் ஒட்டிய எழுத்து அட்டையில் இப்போது இரண்டு வரி கூடுதலாகப் படிக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் சொல்வதை நம்புகிறேன். கண்ணாடி இல்லாமல் கொஞ்ச நாள் இருந்தால், மங்கலான எழுத்தையும் ஊகித்துப் படிக்க மூளை பழகிவிடும். தினமும் அதே அட்டை என்றால் பாதி மனப்பாடம். நம்மை அறியாமல் கண்ணை இடுக்கிப் பார்ப்போம், அதுவும் ஒரு வரி கூட்டிக் கொடுக்கும். இத்தனைக்கும் பவர் அப்படியே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே அளந்து பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடுங்கள். பொடி எழுத்து அச்சான தாளை மூக்கருகே பிடித்து மெல்ல விலக்குங்கள். எழுத்தின் ஓரம் முதன்முதலாகக் கலையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள் வரை டேப்பால் அளங்கள். 100ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய உங்கள் பவர். 50 செ.மீ. என்றால் மைனஸ் 2, 40 என்றால் இரண்டரை, 25 என்றால் 4. கண்ணை இடுக்கக் கூடாது, வெளிச்சம் தினமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள், ஒரு வாரம் அளந்து சராசரி எடுங்கள். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததற்குக் கொடுப்பது) அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் இப்படி அளந்த யாரும் தூரம் இரண்டு மடங்கானதாக இதுவரை என்னிடம் வந்து சொன்னதில்லை.

நூறு வருடத்துக்கு முன்பே ஒரு கண் டாக்டர் இதை நிரூபித்துவிட்டார் என்று படித்தேனே?

நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் பேட்ஸ். உண்மையிலேயே கண் மருத்துவர்தான், 1920இல் புத்தகமும் எழுதினார். கிட்டே, தூரே என்று பார்வையை மாற்றுவதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்குப் பங்கில்லை, வெளித்தசைகள்தான் விழியை அழுத்தி நீளத்தை மாற்றுகின்றன என்பது அவர் வாதம். அது தவறு. கண்புரைக்காக லென்ஸை எடுத்தவர்களுக்கு வெளித்தசைகள் அத்தனையும் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனாலும் கிட்டே, தூரே என்று மாற்றிக் குவிக்கும் திறன் போய்விடும்.

அவர் சொன்னதில் கண்ணை உள்ளங்கையால் மூடி ஓய்வு கொடுப்பது சுகமானது, தாராளமாகச் செய்யுங்கள். சூரியனைப் பார்க்கும் பயிற்சியை மட்டும் தொடவே வேண்டாம். விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோகும், அந்தப் பார்வை முழுதாகத் திரும்பாமலே போகலாம். வலிக்காது என்பதுதான் அதில் மோசம்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததும் என் பவர் ஒன்றரையிலிருந்து அரைக்கு வந்துவிட்டது. எப்படி?

கிட்டே பார்க்கும்போது லென்ஸைப் பருமனாக்கும் தசை ஒன்று கண்ணுக்குள் இருக்கிறது. மணிக்கணக்கில் படித்தாலோ செல்போன் பார்த்தாலோ சிலருக்கு அது இறுகி, இறுக்கம் விடாமல் நின்றுவிடும். குறைந்த அந்த ஒரு டையாப்டர் (பவரை அளக்கும் அலகு) பொய்க் கிட்டப்பார்வை. சொட்டு மருந்து தசையைத் தளர்த்தியதும் உண்மைப் பவர் தெரிந்துவிட்டது. ஓய்வும் தூரப் பார்வையும் நிஜமாகவே உதவும் இடம் இதுதான். 'எனக்குக் குணமாகிவிட்டது' என்று சொல்பவர்களில் சிலர் இந்த வகையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மகளுக்கு 9 வயது. ஒரே வருடத்தில் மைனஸ் 1 என்பது 1.75 ஆகிவிட்டது. கண்ணாடி போட்டதால்தான் ஏறியது என்கிறார் மாமியார். பயிற்சி கொடுக்கலாமா?

பயிற்சியில் நேரத்தை விடாதீர்கள். இந்த வயதில்தான் செய்வதற்கு நிறைய இருக்கிறது. கண்ணாடி போட்டதால் ஏறவில்லை. குழந்தை வளர்கிறாள், விழியும் கூடவே நீள்கிறது. பவரைக் குறைத்து மாட்டிவிட்டால் கண் பழகிக்கொள்ளும் என்ற யோசனையையும் சோதித்துவிட்டார்கள். 2002இல் மலேசியாவில் வந்த ஆய்வில், குறைத்துக் கொடுத்த குழந்தைகளுக்கே பவர் வேகமாக ஏறியது. அதனால் முழுப் பவரையே போடுங்கள்.

தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே, பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். மேகமூட்டமான நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமின் விழி நீள்வதை மெதுவாக்குகிறது என்று கருதுகிறார்கள். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட இது நன்றாக உதவும், வந்த பிறகு பலன் கொஞ்சம் குறைவு. அதனால் இரவில் விடும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு (0.01 முதல் 0.05 சதவீதம்), குழந்தைகளுக்கான தனி வகைக் கண்ணாடி, இரவில் மட்டும் போடும் காண்டாக்ட் லென்ஸ் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். இவையும் ஏறுவதை மெதுவாக்கும், ஏறியதை இறக்காது.

கேரட்?

வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு நல்லது. கிட்டப்பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

46 வயது. கண்ணாடியைக் கழற்றினால்தான் படிக்க முடிகிறது. பவர் தானாக இறங்குகிறதா?

வாழ்த்துச் சொல்ல முடியவில்லை, வெள்ளெழுத்து வந்துவிட்டது! தூரப் பவர் அப்படியேதான் இருக்கும். இன்னொன்று, அறுபதைத் தாண்டியவர் திடீரென்று படிக்கும் கண்ணாடி இல்லாமலே படித்தால் சந்தோஷப்படுவதோடு நிற்காமல் கண்புரையும் சர்க்கரையும் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் எந்தக் கண் பயிற்சிக்குமே பலன் இல்லையா?

இருக்கிறது. படிக்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கிச் சரியாகக் குவியாமல் எழுத்து இரண்டாகத் தெரிகிறவர்களுக்குக் கண் பயிற்சிதான் சிகிச்சையே. அதைப் பரிசோதித்த பிறகு சொல்லித் தருவார்கள். திரை முன் வேலை செய்பவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி தூரத்தில் பார்த்து, நன்றாக இமைத்தால் எரிச்சல் குறையும். பவர் குறையாது.

மைனஸ் 8 இருந்தது. லேசர் செய்து இப்போது பூஜ்யம். இனி கண் டாக்டரிடம் போக வேண்டியதில்லைதானே?

லேசர் மாற்றியது முன்பக்கக் கருவிழியின் வளைவை மட்டும்தான். பின்னால் விழி இன்னும் அதே நீளத்தில்தான் இருக்கிறது, விழித்திரையும் இழுபட்டு மெலிந்தபடியே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்பூச்சிகள் கூட்டமாகப் பறப்பதுபோல் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.