அப்புச்சியின் டிஸ்சார்ஜ் புத்தகம்: கேள்வியும் பதிலும்

ராணுவத்தில் கிளார்க் வேலை பார்த்து ஹவில்தாராக வந்தவன் நான். ராணுவத்தை விட்டு வரும்போது கையில் கொடுக்கும் பதிவுப் புத்தகம்தான் டிஸ்சார்ஜ் புத்தகம். ஊரில் யார் வீட்டு ராணுவப் பச்சைப் பெட்டியைத் திறந்தாலும் அந்தக் காகிதம் என்னிடம்தான் வரும். இந்த மாதம் வந்த கேள்விகள் இவை.

ஏனுங்க, எங்க அப்புச்சி புத்தகத்துல 'ஆர்மி ரூல் 13(3) III (i)'னு போட்டிருக்குது. ஏதாவது தப்புப் பண்ணி அனுப்பிட்டாங்களா? (கோபி)

இல்லைங்க. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 13ஆவது விதி அது. சேரும்போது ஒத்துக்கொண்ட காலத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அதே வரியில் (iii) இருந்தால் உடல் தகுதி இல்லாமல் வந்தவர். (iv) என்றால் தானாகக் கேட்டு வந்தவர். (v) என்பது மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவானது, அங்கே மட்டும் பக்கத்தில் எழுதியிருக்கும் காரணத்தையும் படிக்க வேண்டும். தண்டனையாக நீக்கினால் 'டிஸ்மிஸ்' என்றே எழுதுவார்கள். 'டிஸ்சார்ஜ்' சாதாரணச் சொல், பயப்பட ஒன்றுமில்லை.

புத்தகத்தில் எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் ஆபத்தா? (தாராபுரம்)

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். யூனிட் கணக்கிலிருந்து பெயரை எடுத்த நாள் அது. புது யூனிட்டில் பெயர் ஏறினால் டி.ஓ.எஸ். 31ஆம் தேதி டிஸ்சார்ஜ், 'ஏ.என்.', மறுநாள் எஸ்.ஓ.எஸ். என்று இருப்பது வழக்கம். ஏ.என். என்பது பிற்பகல்.

'ஷேப் 1' என்பது மார்க்கா? (உடுமலை)

மருத்துவத் தரம். மனநலம், காது, கை கால், உடல் திறன், கண் என்று ஐந்துக்கும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து, சேர்த்தால் 'SHAPE'. எல்லாவற்றிலும் 1 என்றால் முழுத் தகுதி. எண் கூடக் கூடத் தகுதி குறையும்.

புத்தகத்தில் அம்மா பெயர் மயிலாத்தா, ஆதாரில் மயிலாத்தாள். அப்பா இருக்கிறார். விட்டுவிடலாமா? (பல்லடம்)

விடவே விடாதீங்க. நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது இந்த ஒரு 'ள்' வந்து குறுக்கே நிற்கும். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற யூனிட் உத்தரவு மூலமாகத்தான் ராணுவப் பதிவில் ஏறும், அதில் ஏறியதுதான் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வுக்கும் போகும். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தில், அவர் இருந்த படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு விண்ணப்பம் போகட்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. நேராக ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர், திருத்தம் தொடங்கும் இடம் அதுவல்ல. என்னென்ன காகிதம் இணைப்பது என்பதை உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அப்புறம் ராணுவ ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்திலும் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊராருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் நான். என் வீட்டுக்காரம்மா பெயரைத் தப்பாக எழுதிக் கொடுத்ததும் நானேதான். திருத்தி முடிப்பதற்குள் அவரிடம் வாங்கிய பேச்சு தனிக் கணக்கு.

'எக்ஸம்ப்ளரி' என்று மட்டும் இருக்கிறது. (அவிநாசி)

நடத்தைக்குத் தரும் மிக உயர்ந்த தரம். அதைவிட மேலே எதுவும் கிடையாது.

புத்தகம் பிய்ந்து போச்சுங்க, லேமினேட் பண்ணிடட்டுங்களா? (பெருந்துறை)

வேண்டாம். அதில் பின்னாலும் பதிவு போட, முத்திரை குத்த இடம் தேவைப்படும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஜெராக்ஸ் நாலு எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், எலிக்குப் பதிவேடு என்று தெரியாது.