பல வருடத் தூக்கமின்மைக்கு இணையவழிச் சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: பல வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. மாத்திரை வேண்டாம் என்று பார்க்கிறேன். இணையத்திலேயே எடுத்துக்கொள்ளும் சிபிடி-ஐ (தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும், மாத்திரை இல்லாத சிகிச்சை) நிஜமாகவே உதவுமா?

எனக்கு உதவியது. ஆனால் முதல் இரண்டு வாரம், பழைய நிலைமையே தேவலை என்று தோன்றும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

நான் காரைக்குடியில் ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், வயது 47. சீக்கிரம் படுத்தால் கொஞ்சமாவது தூங்கலாம் என்று ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன். பட்டாலையில் இருக்கும் பழைய கடிகாரம் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று அடிப்பதை எண்ணிக்கொண்டே கிடப்பேன். இப்போது தூங்கினால்கூட நாலு மணி நேரம்தான் மிச்சம் என்று மனசு கழித்துப் பார்க்கும். கணக்குப்பிள்ளை புத்தி!

வாரத்தில் மூன்று இரவாவது இப்படி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போனால் நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். பெரியவர்களுக்கு இதற்கு முதல் சிகிச்சையே சிபிடி-ஐ தான், மாத்திரை அப்புறம்தான் என்று அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

நான் சேர்ந்தது ஆறு வாரத் திட்டம். தினமும் தூக்க டைரி எழுத வேண்டும், வாரம் ஒருமுறை உளவியலாளர் போனில் பேசுவார். முதல் வார டைரியைக் கூட்டினால், சராசரியாகப் படுக்கையில் இருந்தது 9 மணி நேரம், தூங்கியது ஐந்தேகால். அதாவது படுத்த நேரத்தில் 58 சதவீதம்தான் தூக்கம்! "இனி ராத்திரி 12-க்குத்தான் படுக்கணும், 5.30-க்கு எழுந்திரிச்சிடணும், பகல்ல தூங்கக் கூடாது" என்றார். தூங்காதவனிடமிருந்து படுக்கையையும் பிடுங்குவது என்ன வைத்தியம் என்று ஆத்தா கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். விஷயம் என்னவென்றால், விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கப் பசி ஏறும். அப்போது தூக்கம் 9 மணி நேரத்துக்கும் சிதறாமல் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் திரண்டுவிடும். அந்தச் சதவீதம் 85-ஐத் தாண்டினால் படுக்கை நேரத்தில் 15 நிமிடம் கூட்டித் தருவார்கள்.

இன்னொன்று, இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பு பழகியிருக்கும், அதை மறக்கடிக்கத்தான். ஆத்தங்குடிக் கல் காலில் ஜில்லென்று ஏற, முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். கண் சொருகினால்தான் உள்ளே. மணி பார்க்கக் கூடாது என்றதால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையும் நிறுத்தினேன். "கடிகாரம் ஓடாத வீடு விளங்குமாடா?" என்று ஆத்தா இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாம் வாரம் தேவகோட்டைக்கு வசூலுக்குப் போகையில் பைக்கிலேயே கண் செருகிவிட்டது. அன்றிலிருந்து பஸ்தான். நான்காம் வாரம் முதல்முறையாக அலாரம் அடித்து எழுந்தேன்.

வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இப்படி நேரத்தைக் குறைக்காதீர்கள். பலத்த குறட்டை இருந்தால் முதலில் அதைப் பரிசோதியுங்கள். ஏற்கெனவே போடும் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். பணம் கட்டும் முன் வாரம் ஒரு ஆள் பேசுவாரா என்றும் கேளுங்கள். வெறும் ஆப் மட்டும் என்றால் நான் பத்தாம் நாளே விட்டிருப்பேன்.

மார்ச் கணக்கு முடிக்கும் சமயம் இப்போதும் தூக்கம் கெடும். டைரியை எடுத்துவைத்துப் படுக்கும் நேரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளுவேன். சரியாக ஒரு வாரம் போலப் பிடிக்கிறது.