தொடர்மாடியில் ஒரு முற்றம்

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் விடியற்காலையில் முற்றம் கூட்டி, கிணற்றில் அள்ளிச் செடிகளுக்கு ஊற்றி வளர்ந்த நான், இப்போது கடலை நோக்கிய மூன்றாம் மாடி வீடொன்றில் வாழ்கிறேன். எத்தனை அலங்காரப் பொருட்கள் வாங்கியும் வீடு மனதில் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரி, தங்கள் கடிதத்தில் பொருட்களைவிட வேலைகளின் பெயர்களே அதிகம் இருப்பதைக் கவனித்தேன், ஆகவே வாங்குவதை நிறுத்திவிட்டு, கைக்கு ஒரு வேலையைத் தேடுங்கள். சந்தையில் வாங்கும் பொன்னாங்காணிக் கட்டில் இலைகளைக் கிள்ளிய பின் எஞ்சும் தண்டுகளைக் கணுவோடு மண்ணில் ஊன்றினால் வேர் விடும். வல்லாரையும் கணுவுக்குக் கணு வேரோடிப் படரக்கூடியதே. ஆனால் அதற்கு ஈரமும் பாதி நிழலும் வேண்டுமாதலால், மேற்கு வெயில் நேரே விழும் பலகணியில் அதைக் கறிவேப்பிலைச் சாடியின் மறைவில் வைப்பது நன்று. மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவக்காற்று கடலுப்பைச் சுமந்து வரும். மழையில்லாத நாட்களில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். இரும்புத் தாங்கிகள் வேண்டாம், துருப்பிடிக்கும். சாடித் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

வீட்டினுள்ளே, பழைய பித்தளைக் குத்துவிளக்கு அலுமாரியில் உறங்குமானால் வெளியே எடுங்கள். பழப்புளியின் அமிலம் அதன் கறுப்பைக் கரைத்துவிடும். (கடைகளில் விற்கும் துலக்கும் திரவங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு.) வெள்ளிக்கிழமைதோறும் துலக்கி, உடனே ஈரம் துடைத்து வையுங்கள், கடற்காற்றில் பித்தளை விரைவில் மங்கும்.