காட்டுச் சண்டையில் ஸ்னைப்பருக்கு என்ன வேலை?

"அடர்ந்த காட்டில் குறிபார்த்துச் சுடும் வீரரின் அனுபவம் எப்படி இருக்கும்? சினிமாவில் வருவது போலவா?" என்பது கேள்வி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தபோது மணிப்பூர் மலைகளில் டிராகுனோவ் என்ற குறிதுப்பாக்கியைத் தூக்கியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர், ஆள் பெயர் கேட்காதீர்கள்.

எல்லோரும் ஸ்னைப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நிஜ ஸ்னைப்பர் ஜோடியாகப் பிரிந்து போய்த் தனியே படுத்துக் கிடப்பவர். நான் செக்‌ஷனோடு, அதாவது சிறு படைக்குழுவோடு, சேர்ந்து நடந்தவன். மற்றவர்கள் கையில் இன்சாஸ் ரைபிள், என் கையில் பத்து ரவுண்டு மேகசினும் நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பும் உள்ள ரஷ்யத் துப்பாக்கி. நீளம் 1.2 மீட்டருக்கு மேல். மூங்கிலுக்குள் குனிந்து நுழையும்போதெல்லாம் குழல் ஏதாவதொரு கொடியில் மாட்டும். பின்னால் வரும் ஹவில்தார் வாய் திறக்காமலே திட்டுவார்.

800 மீட்டர் வரை அடிக்கிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு 20 மீட்டருக்கு மேல் கண் போகாத காட்டில் நடப்பது ஒரு கூத்து. பக்கத்தில் இருப்பதை ஸ்கோப்பில் பார்த்தால் இலை மட்டும் பெரிதாகத் தெரியும். நல்லவேளையாக அந்த ஸ்கோப் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும், அதைக் கழற்றாமலே கீழே உள்ள இரும்பு சைட்டில் குறி வைக்கலாம். நடக்கும்போது எனக்கு அதுதான் துணை. வழியில் ஒரு மூங்கில் குச்சி உரசினாலே போதும், தோட்டா திசைமாறிவிடும். அதனால் கைக்கெட்டும் தூரத்துச் சண்டையெல்லாம் முன்னால் போகும் ஸ்கவுட்களின் பாடு.

எனக்கு வேலை வருவது ஜூம் நிலங்களில். மலைவாசிகள் சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிர் வைப்பார்கள். அந்த வெட்டவெளிக்கு எதிர்ச்சரிவில் படுத்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நடப்பவர் தெரிவார். ஸ்கோப்புக்குள்ளேயே தூரம் அளக்க ஒரு வளைகோடு உண்டு. 1.7 மீட்டர் உயர ஆளின் காலை அடிக்கோட்டில் வைத்து, தலை எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் காட்டில் எவன் காலைக் காட்டினான்? எல்லாம் இடுப்புக்கு மேல்தான். ஆகவே பட்டமரம் இத்தனை, ஓடைப்பாறை இத்தனை என்று முன்கூட்டியே கணித்து எழுதி வைத்துக்கொள்வோம். சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் தோட்டா நினைத்த இடத்துக்கு மேலேதான் படும். 30 டிகிரிச் சரிவில் 400 மீட்டர் என்றால் கணக்குக்கு 350 என்று வைத்துக்கொள்ள வேண்டும். புதுசாக வருகிற பையன்கள் பாதிப் பேர் கீழ்நோக்கிச் சுடும்போது இதை மறந்துவிடுவார்கள்.

சுடுவதைவிடப் பார்ப்பதுதான் என் வேலை. வலமிருந்து இடமாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் ஒரு உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்). படிக்கிற பழக்கத்துக்கு எதிர்த்திசையில் கண் நிதானமாகப் போகும், இலையைத் தாண்டி இடைவெளிக்குள் பார்க்கும். அந்த மலைகளில் துப்பாக்கியோடு ஒருவன் போகிறான் என்பதால் மட்டும் அவன் தீவிரவாதி ஆகிவிட மாட்டான். நாட்டுத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கே சகஜம். எப்படி நடக்கிறான், பின்னால் எத்தனை பேர், முதுகில் இருப்பது விறகா வேறெதுவுமா என்று பார்த்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் பெரும்பாலானவர்களை "போகட்டும்" என்று விட்டிருக்கிறோம். நான் ஓய்வு பெற்ற பிறகு, 2021 டிசம்பர் 4 அன்று, நாகாலாந்தின் ஓட்டிங் அருகே சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பியவர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தினர் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். செய்தி பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். என்னோடு வேலை பார்த்த சிலருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது.

அட்டை, மழை, மலேரியா பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பதுங்கியிருக்கப் போகும் முன் சோப்பு, தலை எண்ணெய், பீடி எதுவும் கூடாது, வாசனை காட்டிக் கொடுத்துவிடும். மழைக்காலத்தில் மூச்சு பட்டே ஸ்கோப் மங்கும், பிளாஸ்டிக் உறையில் உலர்ந்த துணி இல்லாமல் நகரவே மாட்டேன். லீவு கிடைத்து பர்மா எல்லையில் உள்ள மோரே ஊர்ப் பக்கம் போனால் அங்கே பர்மாவிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் கோயில் இருக்கிறது, தமிழ் காதில் விழும். அதற்காகவே போகலாம்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கமெண்டில் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்டால் சொல்வேன்: இடது காதில் ஓயாத விசில் சத்தம். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும், பூச்சிச் சத்தம் சட்டென்று நிற்பதைக் கேட்டே ஆள் வருவதை அறிய வேண்டிய காட்டில் காதை அடைத்துக்கொள்ளவும் முடியாது. பணியில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், பென்ஷன் வருவதற்கு முந்தைய மெடிக்கலில் காதுப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு அலைந்து பயனில்லை.