சம்பளம் பெற்ற மாடலுக்குப் படப் பிரதிகளும் கொடுக்க வேண்டுமா?

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைக்காக நீங்கள் எடுத்த தீபாவளி விளம்பரப் படங்களின் பிரதிகளை, பேசிய சம்பளத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்ட மாடல் இப்போது கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முன்கூட்டியே வாக்களிக்காத நிலையில், கொடுத்தே ஆக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சம்பளம் வாங்காமல் நிற்பவருக்குப் படமே கூலி. இவருக்கோ கூலி கைக்கு வந்துவிட்டது.

இருப்பினும், இதை நீங்கள் தனியாக முடிவு செய்ய இயலாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில், அந்த வேலையைச் செய்யச் சொன்னவருக்கே, இங்கே கடைக்காரருக்கே, போய்ச் சேரும். ஆகவே, முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கடையின் விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே அந்தப் புடவைப் படம் மாடலின் இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டால், அடுத்த தீபாவளிக்கு உங்களை அழைப்பார்களா என்பது சந்தேகமே.

அனுமதி கிடைத்தால் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. நல்ல மாடல் மீண்டும் வருவதற்கு அது ஒரு காரணமாகும். திருத்தி முடித்த நான்கைந்து படங்களைச் சிறிய அளவில் அனுப்பி, தம் தொழில் ஆல்பத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம், விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது என்று உடன் எழுதிவிடுங்கள். ரா கோப்புகளை, அதாவது கேமராவில் பதிவான திருத்தாத மூலக் கோப்புகளை, கேட்டால் தயங்காமல் மறுத்துவிடலாம். கண் மூடிய படங்களும் அவற்றில்தான் இருக்கும்.