‘விண்டேஜ்’ பதிவு வாங்கிய வேனில் இமாச்சல் வரை போகலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். என்னிடம் 1972-ம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேன் இருக்கிறது. அது இறக்குமதி வண்டி, பதிவு அடுத்த ஆண்டு முடிகிறது. நண்பர் ஒருவர் 1996 மாடல் டீசல் மேட்டடோர் வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். அந்த வண்டியின் பதிவு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. எட்டுப் பேர் இரண்டு வண்டிகளில் இமாச்சல் வரை ஒரு மாதம் போய்வரத் திட்டம். கோம்பியைப் புதுப்பிக்க 80,000 ரூபாய் ஆகும் என்பதால் ‘விண்டேஜ்’ பதிவுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா? மேட்டடோர்காரர் தலைக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் வேன் வாடகை கேட்கிறார். அதில் சிக்கல் உண்டா?

பதில்: விண்டேஜ் பதிவுக்கு மாறினால் உங்கள் பயணமே சட்டப்படி முடியாமல் போய்விடும். பணத்தை மட்டும் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். இறக்குமதிக் காருக்குப் பதிவுப் புதுப்பிப்பு 80,000 ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்குத்தான். விண்டேஜ் பதிவோ 20,000 ரூபாயில் பத்தாண்டுக்குக் கிடைக்கும். பிறகு மறுபதிவுக்கு 5,000 போதும். ஆனால் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் சேர்க்கப்பட்ட பகுதியைப் படித்தால், அந்தச் சலுகைக்கு என்ன விலை என்று தெரியும். விண்டேஜ் பதிவு உள்ள வண்டியைக் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் கார் பேரணி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். வழக்கமான போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. நண்பர்களோடு ஒரு மாதம் ஊர் சுற்றுவதைப் பேரணி என்று எந்தச் செக்போஸ்ட்டிலும் வாதாட முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கையில் எடுப்பதும் இந்த விதியைத்தான்.

தகுதியிலும் ஒரு முள் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு முடிந்திருந்தால் மட்டும் போதாது. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். எனவே சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள். பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் ஃபாரம் 25-ல் விண்ணப்பிக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நிறுத்தும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கோம்பியின் இன்ஜின் எண் கிரேங்க் கேஸில், பெரும்பாலும் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஐம்பது ஆண்டில் இன்ஜின் மாறாத கோம்பி அபூர்வம். எண் ஒத்துப்போகவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி அதைத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிய பிறகுதான் புதுப்பிப்புக்குப் போக வேண்டும். இன்ஜின் மாற்றிய 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தாமதமாகியிருந்தாலும் நீங்களாகப் போய்ச் சொல்வதுதான் நல்லது. ஆய்வாளர் கண்டுபிடித்தால் திருட்டு இன்ஜினா என்ற கேள்வியிலிருந்து பேச்சு ஆரம்பிக்கும்.

மேட்டடோரை இப்போதைய நிலையில் வாசலை விட்டுக்கூட எடுக்காதீர்கள். பதிவு காலாவதியான வண்டியை ஓட்டினால் பிரிவு 192-ன் கீழ் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து அந்தத் தேதி போடாத படிவங்கள். சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் பயணத்தில் ஒருவர் அடிபட்டால் இழப்பீட்டு வழக்கு அந்தப் பழைய உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டும். பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான். ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் நண்பருக்கு ஒரு பைசா வராது.

முதலில் இன்சூரன்ஸ், அடுத்து எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவுப் புதுப்பிப்பு, பிறகு பெயர் மாற்றம் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும். 20 ஆண்டு தாண்டிய இலகு ரக வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 வீதம் நான்கு மாதத்துக்கு 2,000. பசுமை வரி தனி. பழைய உரிமையாளர் உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அவர் காலமாகிவிட்டால் ஃபாரம் 31, வாரிசுச் சான்று என்று வேலை பல மடங்காகும்.

அடுத்தது உள்ளே செய்த மாற்றம். ஆர்.சி.யில் ‘வாகன வகை’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே மேக்ஸி கேப் (வாடகைப் பயணிகள் வேன்) என்றோ சரக்கு வாகனம் என்றோ இருந்தால் அது போக்குவரத்து வாகனம், பர்மிட் இல்லாமல் ஓட்டுவது தனிக் குற்றம். சொந்த உபயோகத்துக்கான ஆம்னி பஸ் என்றிருந்தால் பாதி நிம்மதி. ‘கேம்பர் வேன், சொந்த உபயோகம்’ என்ற வகையே போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் தச்சரை வைத்துக் கட்டில் அடித்துவிட்டதால் வண்டி அந்த வகைக்கு வந்துவிடாது. மோட்டார் கேரவனுக்கென்றே, அதாவது இப்படித் தங்கும் வசதியுள்ள வண்டிக்கென்றே, ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி உண்டு. பிரிவு 52-ன் கீழ் ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு மாறும்படி மாற்றம் செய்வதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிரிவு 182ஏ-யின்படி 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கையில் நேரம் குறைவு என்றால் நடைமுறையில் ஒரே வழிதான். கழற்றிய சீட்டுகளை அவற்றின் பழைய போல்ட் துளைகளிலேயே மாட்டி, ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்குக் கொண்டுவாருங்கள். கூரையை வெட்டியது, ஜன்னல் திறந்தது போன்றவை இருந்தால் அனுமதி வாங்காமல் கிளம்பாதீர்கள். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரை ஏற்றாதீர்கள். வண்டியில் தீ விபத்து நடந்தால் க்ளெய்மை மறுக்க அதுவே போதும்.

எட்டுப் பேரில் யாரும் யோசிக்காத விஷயம் இன்சூரன்ஸ் வகை. பழைய வண்டிக்கு எதற்கு என்று பலர் தேர்டு பார்ட்டி மட்டும் போடுவார்கள். அந்தப் பாலிசி ரோட்டில் போகிறவருக்குக் காப்பு. சொந்த வண்டியில் இலவசமாக உட்கார்ந்து வரும் நண்பருக்கு அது பொருந்தாது என்று திலக் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது பாலகிருஷ்ணன் வழக்கின் 2012 தீர்ப்பு. எனவே இரண்டு வண்டிக்கும் பேக்கேஜ் பாலிசியே எடுங்கள். ஐந்தாண்டு தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கோம்பிக்கு மதிப்பீட்டாளர் அறிக்கையும் படங்களும் கொடுத்துத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால் பயணிகளுக்குத் தலைக்கு 2 லட்சம் வரை தனிநபர் விபத்துக் காப்பும் சேர்க்கலாம். பிரேக், பெட்ரோல் ஹோஸ் மாற்றிய பில்களைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது பாலிசியின் நிபந்தனை. கோம்பியில் இன்ஜின் பின்னால் இருப்பதால், ஹோஸ் வெடித்துக் கசிந்தால் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேல் விழும்.

இவ்வளவும் செய்துவிட்டு அந்த 500 ரூபாய் வாடகையை வாங்கினால் எல்லாம் வீண். சொந்த உபயோகப் பாலிசியில் ‘வாடகைக்கோ கூலிக்கோ அல்ல’ என்ற வரம்பு இருக்கிறது. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் பிரிவு 192ஏ-யின்படி 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் வரலாம். டீசல், டோல், தங்குமிடம், ரிப்பேர் ஆகியவற்றின் உண்மையான செலவைப் பில் வைத்துப் பங்கு பிரிப்பது வேறு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பது வேறு. ஜிபே குறிப்பில் ‘வேன் வாடகை’ என்று யாரும் விளையாட்டாகக் கூட எழுத வேண்டாம். வழக்கில் அது எதிர்த்தரப்பின் சான்று ஆவணமாகிவிடும். மேட்டடோர்காரருக்குத் தேய்மானம் உறுத்தினால் டயர், சர்வீஸ் செலவைப் பொதுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வழியில் தில்லியைத் தொடாதீர்கள். தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் கிடைத்த தளர்வு, அதே ஆண்டு டிசம்பரில் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் என்ற புகை அளவுத் தரம்) 4-ம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. பி.எஸ். என்ற பேச்சே வராத காலத்து வண்டிகள் உங்களுடையவை. அந்த வட்டாரம் தில்லியோடு முடிவதில்லை. பானிபட், கர்னால், பிவானி, ஆல்வார், பரத்பூர் எல்லாம் அதற்குள் வரும். சண்டிகருக்குப் போக எல்லோரும் பிடிக்கும் நெடுஞ்சாலை 44-ஐ விட்டுவிட்டு, பிகானேர், ஹனுமான்கர், பட்டிண்டா வழியாக ஏறுங்கள். தூரம் கூடும், ஆனால் வண்டி பறிமுதல் ஆகாது.

புகைச் சான்று இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். உங்களுடையதைப் போன்ற பழைய வண்டிகளுக்கு அது ஆறு மாதம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். உங்கள் ஆர்.சி. பழைய புத்தக வடிவில் இருந்தால் அரசின் ‘வாகன்’ பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லுங்கள். அது ஏறாமல் ஃபாஸ்டாக், புகைச் சான்று எதுவும் நகராது. மற்ற வேலைகளுக்கு முன் அதை முடிப்பதே வசதி.